கேஸே இல்லாத ஒன் பிஹெச்கே, 501வது யூனிட்டுக்கு 243 ரூபா: ஈபி வீட்டு டாரிஃப் ரிவ்யூ

வீடு பாக்கப் போனா சென்னைல எல்லாரும் முதல்ல கேக்கறது தண்ணி எப்படி, மெட்ரோ வாட்டரா போரான்னுதான், அது நியாயம். நான் இப்போல்லாம் ரெண்டாவது கேள்வியா "ஈபி மீட்டர் தனியா சார், கார்டை கொஞ்சம் காட்டறீங்களா"ன்னு கேக்கறேன். புரோக்கர் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டுப் போகட்டும். ஏன்னா எங்க வீட்ல கேஸ் கிடையாது, சமையல், சுடுதண்ணி, ஏசி எல்லாமே கரன்ட்தான். மடிப்பாக்கத்துல ஒரு குட்டி ஒன் பிஹெச்கேல 2024 அக்டோபர்ல குடி வந்தோம், நானும் அம்மாவும், இதோட ஒரு வருஷம் முழுசா முடிஞ்சுது. மொபைல் ரீசார்ஜுக்கு 28 நாளா 56 நாளான்னு அரை மணி நேரம் உக்காந்து கணக்குப் போடற நாம, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரெண்டாயிரம் புடுங்கற ஈபி டாரிஃபை ஒரு நிமிஷம் கூட பாக்கறதில்ல, அதனால அதையும் ஒரு ப்ராடக்ட் மாதிரி வச்சு ரிவ்யூ எழுதிடலாம்னு உக்காந்தேன்.

கேஸ் ஏன் வேணாம்னு முதல்ல சொல்லிடறேன். அம்மாவுக்கு 71 வயசு, நான் ஆபீஸ் போய்ட்டா பகல் முழுக்க தனியாத்தான் இருப்பாங்க, பழைய வீட்ல ரெண்டு தடவ அடுப்ப அணைச்சுட்டு நாப்ப சரியா திருப்பாம விட்டுட்டாங்க, ரெண்டாவது தடவ பக்கத்து வீட்டு அக்கா வாசனை வந்து கதவத் தட்டினாங்க. அதோட முடிச்சேன். இந்த வீடு மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, கிச்சன்னு சொல்றது ஹாலோட ஓரத்துல ஒரு ஆள் திரும்பற இடம், சிலிண்டர் வைக்கவே இடம் இல்ல. எல்லாம் கூடி வந்துச்சு.

இங்கிலாந்துல இருக்கற காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன், அவனுக்கும் கேஸ் இல்லாத சின்ன ஃப்ளாட், எந்த கம்பெனி எந்த டாரிஃப்னு ரெண்டு வாரமா மண்டைய ஒடச்சிட்டு இருந்தான். அங்க ராத்திரி ஏழு மணி நேரம் கரன்ட் சீப்பா குடுக்கற பிளான் எல்லாம் இருக்கு, அந்த நேரத்துல ஹீட்டர சூடேத்தி வச்சுக்கிட்டு பகல்ல அந்தச் சூட்டுல உக்காந்திருப்பானாம். டேய் உனக்காவது தேர்ந்தெடுக்க ஏதோ இருக்கு, எங்களுக்கு ஒரே கடை, ஒரே விலைப் பட்டியல்னு சொன்னேன். சொல்லி முடிச்சதுக்கப்புறம்தான் அது தப்புன்னு தோணுச்சு. நமக்கும் தேர்ந்தெடுக்கற வாய்ப்பு ஒரே ஒரு தடவ வருது, வீடு பாக்கும்போது. அட்வான்ஸ் குடுக்கற அன்னிக்கே டாரிஃபும் முடிவாயிடுது, நாமதான் அத கவனிக்கறதில்ல.

நான் கடைசியா மூணு வீட்ல வந்து நின்னேன். முதல் வீடு வேளச்சேரி, ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரம், வாடகை 13,000. சப் மீட்டர், அதாவது ஓனரோட ஈபி மீட்டருக்குக் கீழ அவரே மாட்டின குட்டி மீட்டர், அவருக்கு யூனிட்டுக்கு 9 ரூபா குடுக்கணும். ரெண்டாவது ஒரு கடைக்கு மேல இருந்த வீடு, நல்ல காத்து, ஆனா ஈபி கார்டை வாங்கிப் பாத்தா டாரிஃப் கமர்ஷியல், அதாவது 100 யூனிட் தாண்டினா எல்லா யூனிட்டும் 10 ரூபாய்க்கு மேல, கூட கிலோவாட்டுக்கு இவ்வளவுன்னு ஃபிக்ஸட் சார்ஜ் வேற. ஓனர்கிட்ட கேட்டா "அது சும்மா பேருக்கு அப்படி இருக்கு, மாத்திக்கலாம் தம்பி"ன்னார். மாத்திட்டுக் கூப்பிடுங்க சார்னு வந்துட்டேன், இன்னிக்கு வரைக்கும் கூப்பிடல. மூணாவது இப்போ இருக்கற வீடு, வாடகை 14,000, தனி மீட்டர், வீட்டு டாரிஃப்.

அம்மா வேளச்சேரிக்குத்தான் ஓட்டு போட்டாங்க, மாசம் ஆயிரம் மிச்சம்னு. நான் ஒரு பேப்பர எடுத்து கணக்குப் போட்டேன். ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட்னு வச்சுக்கோங்க. தனி மீட்டர்ல 1,175 ரூபா. சப் மீட்டர்ல 3,600. மாசத்துக்கு 1,200 ரூபா பக்கம் அதிகம், ஆக வாடகைல மிச்சம் பிடிச்ச ஆயிரமும் போய் கைல இருந்து 200 போகும், அதுவும் ஏசி அதிகம் ஓடாத மாசத்துல.

அந்த வேளச்சேரி ஓனரயும் முழுசா திட்ட முடியாது, அத சொல்லணும். மூணு போர்ஷனுக்கும் ஒரே ஈபி சர்வீஸ், ஒரே மீட்டர்தான் வச்சிருக்கார். மூணு வீடும் ஆளுக்கு 400 யூனிட் எரிச்சா மொத்தம் 1,200, அது ஒரே மீட்டர்ல ஓடினா பில் 9,180 வரும். அதே கரன்ட் மூணு தனி மீட்டர்ல ஓடியிருந்தா 1,175 மூணு தடவ, 3,525. கரன்ட் ஒண்ணுதான், மீட்டர் எண்ணிக்கை மட்டும்தான் வேற. ஆனா 9,180ஐ 1,200 ஆல வகுத்தா 7.65 தான் வருது, அவர் வாங்கறது 9. அந்த வித்தியாசத்துக்கு என்ன பேர் வைக்கறதுன்னு உங்ககிட்டயே விட்டுடறேன்.

இந்தக் கணக்கு எங்க இருந்து வருதுன்னா ஸ்லாப்ல இருந்து, அதாவது யூனிட் கூடக் கூட ரேட்டும் படிப்படியா ஏறும். 2024 ஜூலைல ஏத்தின ரேட்டுதான் 2025 அக்டோபர்லயும் வீட்டுக்கு ஓடுச்சு, 2025 ஜூலைல 3.16 சதவீதம் ஏத்தினப்போ வீட்டு கனெக்‌ஷனுக்கு வர்ற ஏத்தத்த அரசாங்கமே ஏத்துக்கிச்சு. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ, இது 2016 மே மாசம் ஜெயலலிதா திரும்ப முதல்வரானதும் போட்ட முதல் கையெழுத்துகள்ல ஒண்ணு. அடுத்த 100 யூனிட் 2.35, 201ல இருந்து 400 வரைக்கும் 4.70, 401ல இருந்து 500 வரைக்கும் 6.30. ஃபிக்ஸட் சார்ஜ் வீட்டுக்கு 2022லயே எடுத்துட்டாங்க. இதுவரைக்கும் பாத்தா இந்த ஊர்ல இதவிட சீப்பா எதுவும் கிடையாதுன்னு அடிச்சு சொல்லுவேன், 200 யூனிட் எரிக்கற வீட்டுக்கு 235 ரூபா, ரெண்டு பேர் ஹோட்டல்ல உக்காந்து ரோஸ்ட்டும் காபியும் சாப்ட்டா வர பில்லு அது.

500 தாண்டினா கதையே வேற. 501ல இருந்து 600 வரைக்கும் 8.40, அதுக்கு மேல 800 வரைக்கும் 9.45, அப்புறம் 10.50, ஆயிரம் தாண்டினா 11.55. இது மட்டும்னா பரவால்ல, எரிச்ச அளவுக்கு காசுன்னு விட்டுடலாம். ஆனா 500 தாண்டின உடனே அந்த ரெண்டாவது நூறுக்குக் குடுத்த 2.35 சலுகையையும் திரும்ப எடுத்துக்கறாங்க, அந்த நூறும் 4.70 ஆயிடும். 500 யூனிட்டுக்கு பில் 1,805. 501க்கு 2,048 ரூபா 40 காசு. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 243 ரூபா 40 காசு! ஒரு யூனிட்னா என்ன, கீசர ரெண்டு தடவ போடறது. குளிக்கறதுக்கு முன்னாடி மீட்டர பாத்துட்டுப் போற ஆள் நானாத்தான் இருப்பேன்.

ஆனா ஒண்ணு, தாண்டினதுக்கப்புறம் பதறி பிரயோஜனம் இல்ல, அடுத்த யூனிட் வெறும் 8.40தான். 490ல நிக்கறப்போ ஏசிய அணைங்க, 530ல நிக்கறப்போ நிம்மதியா தூங்குங்க. எங்க வீட்ல தினசரி காலண்டர்ல ஞாயித்துக்கிழமை தாள்ல மீட்டர் நம்பர அம்மா எழுதி வைப்பாங்க, ராகு காலம் எமகண்டத்துக்குக் கீழ 4 இலக்கத்துல. முன்னாடி ரீடிங்க கழிச்சா இந்த தடவ எங்க நிக்கறோம்னு தெரிஞ்சுடும், ஆப்பெல்லாம் தேவையில்ல.

சரி, இன்டக்‌ஷன் லாபமா கேஸ் லாபமான்னு கேக்கறவங்களுக்கு. 14.2 கிலோ சிலிண்டர் 2025 ஏப்ரல்ல 50 ரூபா ஏத்தினதுல சென்னைல 868.50 ஆச்சு. ஒரு சிலிண்டர் செய்யற வேலைய இன்டக்‌ஷன்ல செய்ய 140 யூனிட் பக்கம் ஆகும், கேஸ் அடுப்புல மூணுல ஒரு பங்கு சூடு பாத்திரத்த சுத்தி வெளில போயிடுது, இன்டக்‌ஷன்ல அந்த வீணாகறது கம்மி, அத எல்லாம் சேத்துத்தான் இந்தக் கணக்கு. 868.50ஐ 140 ஆல வகுத்தா 6 ரூபா 20 காசு. இப்போ மேல இருக்கற ஸ்லாப்ப திரும்ப பாருங்க. 400க்குள்ள 4.70, அங்க இன்டக்‌ஷன் ஜெயிக்குது. 401ல இருந்து 500 வரைக்கும் 6.30, சரிசமம். 500 தாண்டிட்டா 8.40, கேஸ் ஜெயிக்குது. ஆக இன்டக்‌ஷன் லாபமான்னு கேட்டா பதில் அடுப்புல இல்ல, வீட்ல ஏசி எத்தன மணி நேரம் ஓடுதுங்கறதுல இருக்கு. எங்க ரெண்டு பேருக்கு சமையலுக்கு ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட் ஆகுது, ஆகஸ்ட் செப்டம்பர்ல அந்த 90க்கு 423 ரூபா ஆச்சு, அதே சமையல் கேஸ்ல 558 ஆயிருக்கும். ஏப்ரல், மே பில்லுல அதே 90 யூனிட்டுக்கு 882 ரூபா ஆச்சு. அந்தக் கதைக்கு பின்னாடி வரேன்.

சமையல் எப்படின்னு அம்மாகிட்டயே கேட்டேன், "தீயே தெரியாம எப்படிடா பக்குவம் பாக்கறது"ன்னு மொத ஒரு மாசம் ஒரே புலம்பல். பால் சத்தமே இல்லாம பொங்கிடுது, கேஸ்ல சிம்ல வச்சு பழகின கைக்கு அடுப்புல தெரியற 300ங்கற நம்பர் புரியல. ஈயச் சொம்பு அதுல வேலையே செய்யாது, காந்தம் ஒட்டற பாத்திரம்தான் சூடாகும், இப்போ ரசத்த எவர்சில்வர்ல கொதிக்க வச்சு கடைசில ஈயச் சொம்புல ஊத்தி வைக்கறாங்க, அதே டேஸ்ட்டுன்னு நான் சொல்றேன், இல்லைன்னு அவங்க சொல்றாங்க. தாளிக்கற கரண்டி அடியில அகலம் பத்தாததால அடுப்பு அத பாத்திரமாவே மதிக்க மாட்டேங்குது, கூ கூன்னு கத்திட்டு நின்னுடும். இரும்பு தோசக்கல்லு ஏறும், ஆனா நடுவுல காயில் இருக்கற வட்டம் மட்டும் காயும், ஓரம் வெள்ளையாவே நிக்கும், அதனால எங்க வீட்ல இப்போ எல்லா தோசையும் கல் தோச சைஸ்தான். அப்பளம் சுட முடியாது, கத்திரிக்காய் சுட்டு கொத்சு பண்ண முடியாது. இதெல்லாம் குறை. ஆனா மே மாசத்துல அந்த குட்டி கிச்சன்ல கேஸ் அடுப்பு முன்னாடி நின்னிருந்தா அம்மா வெந்து போயிருப்பாங்க, இப்போ அடுப்பு பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து சீரியல் பாத்துட்டே சாம்பார் வைக்கறாங்க, டைமர் அடிச்சதும் தானா அணையுது. எனக்கு அந்த டைமர் ஒண்ணுக்காகவே இன்னும் நூறு யூனிட் குடுக்கலாம்னு தோணும்.

கரன்ட் அடுப்பு வாங்கறவங்க பாக்க மறக்கறது சாக்கெட். எங்க வீட்ல குடி வந்த புதுசுல கிச்சன் மேடைல பிளக் பாயின்ட் வேணும்னு ஒரு எலக்ட்ரீஷியன கூப்பிட்டேன், வந்தார், பக்கத்துல மிக்ஸிக்கு இருந்த 5 ஆம்ப்ஸ் பாயின்ட்ல இருந்தே ஒரு வயர இழுத்து, அடுப்போட பெரிய பின்ன சொருக ஒரு கன்வெர்ட்டரயும் மாட்டிட்டு "எல்லாம் தாங்கும் சார்"னு 350 ரூபா வாங்கிட்டுப் போனார். அடுப்பு 2,000 வாட்ஸ், கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும். பத்தாவது நாள் காலைல அம்மா போன் பண்ணி "மீன் வாடை மாதிரி அடிக்குதுடா, நம்ம வீட்ல ஏது மீனு"ன்னாங்க. சாயங்காலம் வந்து பாத்தா சாக்கெட்டோட ஒரு ஓட்டை நீளமா உருகி, பழுப்பு கலர்ல, கன்வெர்ட்டர் அதோடயே ஒட்டிக்கிச்சு. நல்லவேளை அதுக்கு மேல போகல. அப்புறம் வேற ஒரு ஆள் வந்து டிபி பாக்ஸ்ல இருந்து தனியா 2.5 வயர் இழுத்து, 15 ஆம்ப்ஸ் பவர் பிளக், லோடு கூடினா தானா விழற தனி எம்சிபி சுவிட்ச் போட்டுக் குடுத்தார், 1,800 ஆச்சு. டாரிஃப்ல மிச்சம் பிடிக்கறதெல்லாம் அப்புறம், இத முதல்ல பண்ணுங்க. இன்டக்‌ஷன், கீசர், ஏசி மூணும் ஒரே நேரத்துல ஓடினா எங்க வீட்ல மெயின் விழுந்துடும், அதனால ஒரு எழுதப்படாத சட்டம், நான் கீசர் போட்டா அம்மா அடுப்ப நிறுத்தணும். காலைல 7 மணிக்கு "கீசர் போடறேன்"னு கத்தறது எங்க வீட்டு சுப்ரபாதம்.

இப்போ அந்த ஏப்ரல், மே கதை. ஜூன் முதல் வாரத்துல ரீடிங் எடுக்க வந்தவர் கார்டுல எழுதிட்டுப் போனது 538. பில் 2,359 ரூபா 20 காசு. ஏசி ராத்திரி 11ல இருந்து 4 மணி வரைக்கும்தான், டைமர் வச்சு, அப்படியும் 538ஆன்னு எனக்கு நம்பிக்கை வரல. ஒவ்வொரு சாமானா பேப்பர்ல எழுதி கணக்குப் போட்டா 480தான் வருது, எப்படி போட்டாலும். மீட்டர் மேலயே சந்தேகம் வந்துடுச்சு, ஈபியோட புகார் மையம் மின்னகம், அதோட 94987 94987க்கு போன் பண்ணிடலாம்னு நம்பர் கூட எடுத்துட்டேன், அதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாப்போம்னு தோணுச்சு.

எலக்ட்ரானிக் மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக்கிட்டே இருக்கும் பாத்திருப்பீங்க. மீட்டர் மேலயே ஒரு யூனிட்டுக்கு எத்தன மினுக்குன்னு போட்டிருக்கும், எங்களது 3,200. ஒரு ராத்திரி 9 மணிக்கு ஃப்ரிட்ஜ் ரவுட்டர் உட்பட வீட்ல எல்லாத்தயும் பிடுங்கிட்டு கீழ மீட்டர் பாக்ஸ் முன்னாடி போய் நின்னேன், கொசுக்கடி வேற. லைட் நிக்கணும். நிக்கல. 14 செகண்டுக்கு ஒரு தடவ மினுக்குது, ஸ்டாப்வாட்ச் வச்சு பத்து தடவ பாத்தேன். கணக்குப் போட்டா 80 வாட்ஸ். வீட்ல ஒண்ணுமே ஓடல, 80 வாட்ஸ் எங்க போகுது? சரின்னு எங்க மெயின் ஸ்விட்ச கீழ தள்ளினேன், மாடிப்படி முழுக்க இருட்டாயிடுச்சு. ரெண்டாவது மாடி பாட்டி "எவன்டா அது படி லைட்ட அணைச்சது, மனுஷி ஏறிட்டு இருக்கேன்ல"ன்னு போட்டாங்க ஒரு சத்தம். பாட்டி நான்தான், ஒரு நிமிஷம்னு கத்திட்டு திரும்ப மேல தள்ளினேன், படியில ரெண்டு 40 வாட்ஸ் ட்யூப்லைட்டும் கண்ண சிமிட்டி சிமிட்டி எரிய ஆரம்பிச்சுது. என் காசுல.

அந்த பில்டிங்ல படிக்கட்டு மாதிரி காமன் இடத்துக்குத் தனி சர்வீஸ் எடுக்கவே இல்ல, கட்டினப்போ யாரோ எங்க வீட்டு லைன்ல இருந்து கொக்கி போட்ட மாதிரி ஒரு வயர் இழுத்து விட்டிருக்காங்க. ராத்திரி 12 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு 58 யூனிட். 538ல 58 போனா 480, என் கணக்கு ஒரு யூனிட் கூட பிசகல! 480க்கு பில் 1,679 தான் வந்திருக்கணும், அந்த 58 யூனிட் மேல 680 ரூபா ஏத்தி விட்டுடுச்சு. யூனிட்டுக்கு 11 ரூபா 70 காசு, ஆயிரம் யூனிட் தாண்டற பங்களாக்காரங்க அவங்க கடைசி யூனிட்டுக்கு குடுக்கறதே 11.55தான், நான் படிக்கட்டு ட்யூப்லைட்டுக்கு அதவிட அதிகமா குடுத்திருக்கேன். சமையலோட 90 யூனிட் 882க்குப் போனதும் இதனாலதான்.

ஓனர்கிட்ட போனேன். "முன்னாடி இருந்தவங்க காலத்துல இருந்தே அப்படித்தான் தம்பி, அவங்க ஒண்ணும் சொல்லலியே"ன்னார். அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தாத்தானே சொல்றதுக்கு. பேப்பர நீட்டினேன், ஸ்டாப்வாட்ச் கணக்கெல்லாம் அதுல இருந்துச்சு, கொஞ்ச நேரம் பாத்துட்டு "சரி பாக்கலாம்"னார். அந்த பாக்கலாம் மூணு வாரம் ஆச்சு. கடைசில லைன அவர் மீட்டருக்கு மாத்தி, ட்யூப்லைட்ட எடுத்துட்டு எல்இடி போட்டார், அவர் காசுன்னதும் எல்இடி ஞாபகம் வந்துடுச்சு பாருங்க. வாடகைல 500 ரூபா கழிச்சுக்கோன்னார், கழிச்சுக்கிட்டேன். உங்க பில்டிங்ல காமனுக்குத் தனி சர்வீஸ் இருந்தா அத ஒரு தடவ பாருங்க, மூணு மாடிக்குள்ள, பத்து வீட்டுக்குள்ள, லிஃப்ட் இல்லாத அபார்ட்மென்ட்டுக்கு 2023 அக்டோபர்ல யூனிட் 8.15ல இருந்து 5.50க்கு குறைச்சாங்க.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு வெறி வந்துடுச்சு, வீட்ல எது எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கற வெறி. ரவுட்டர் 10 வாட்ஸ்தான், ஆனா நாள் முழுக்க ஓடுது, ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட். கிரைண்டர் சும்மா சத்தம்தான், அரை மணி நேரம் மாவாட்டினா பத்துல ஒரு பங்கு யூனிட் கூட ஆகல. கீசர் 15 லிட்டர் ஒரு தடவ சூடாக அரை யூனிட், டிசம்பர் ஜனவரி தவிர அது தேவையும் படல, மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு மொட்ட மாடி டேங்க்ல இருந்து வர தண்ணில கை வச்சா எடுத்துடுவீங்க. எல்லாத்துலயும் பெரிய திருடன் யாருன்னா ஃபேன். நாம ஏசியத்தான் திட்டுவோம். பழைய ஃபேன் 75 வாட்ஸ், எங்க வீட்ல ரெண்டு ஃபேனும் சேந்து நாளைக்கு 30 மணி நேரம் ஓடுது, வருஷம் பூரா, அது ரெண்டு மாசத்துக்கு 135 யூனிட். ஜூலைல ரெண்டயும் பிஎல்டிசி ஃபேனா மாத்தினேன், ஒண்ணு மூவாயிரம் பக்கம் ஆச்சு, 30 வாட்ஸ்தான், 135 இருந்தது 54 ஆச்சு. ரிமோட்ட அம்மா தலகாணிக்கு அடியில வச்சுக்கறாங்க, அது தனி பிரச்சனை.

ஏசிக்கு ஸ்டார் லேபிள்ல போட்டிருக்கற யூனிட்ட அப்படியே நம்பாதீங்க, அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும்னு வச்சு போட்ட நம்பர், உங்க வீட்ல எத்தன மணி நேரமோ அதுக்கேத்த மாதிரி வகுத்துக்கணும். எங்களுக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு அரை யூனிட், 26ல வச்சு ஃபேன் சுத்தினா.

இதெல்லாம் பண்ணதுக்கப்புறம் ஆகஸ்ட், செப்டம்பர் பில் 318 யூனிட், 789 ரூபா 60 காசு. சமையல், குளியல், துணி, தூக்கம் எல்லாம் சேத்து ரெண்டு மாசத்துக்கு. இதுல எனக்கு ஈபி டாரிஃப் மேல குறையே இல்ல, பத்துக்கு எட்டு போடுவேன். அந்த ரெண்டு மார்க் 501க்காக கழிச்சது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங்னா கோடைல ரெண்டு சூடான மாசம் ஒரே பில்லுல வந்து மாட்டுது, மாசா மாசம் கணக்கெடுக்கணும்னு எத்தன வருஷமா பேசிட்டு இருக்காங்க. அப்புறம் வாட்ஸ்ஆப்ல ஒரு ஃபார்வர்டு வரும், ராத்திரி 10 மணிக்கு மேல வாஷிங் மெஷின் போட்டா கரன்ட் சீப்புன்னு, எங்க பெரியம்மா அத நம்பி நடுராத்திரில துணி துவைக்கறாங்க. நேரத்துக்கு ஒரு ரேட்டு ஃபேக்டரி மாதிரி பெரிய கனெக்‌ஷனுக்குத்தான், நம்ம வீட்டு மீட்டருக்கு ராத்திரியும் ஒண்ணுதான் பகலும் ஒண்ணுதான். நிம்மதியா காலைல துவைங்க.

வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இன்னொண்ணு, ஈபி நம்பரோட ஆதார் இணைக்கற விஷயத்துல சில ஓனருங்க இன்னும் பயப்படறாங்க, குடி இருக்கறவன் ஆதார் சேந்தா வீடே போயிடும்னு, அந்தப் பேச்சுவார்த்தைய அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கோங்க. மீட்டர் பாக்ஸ்ல உங்க மெயின தள்ளி என்னென்ன அணையுதுன்னும் பாத்துடுங்க, ஓனர் பக்கத்துல நின்னாலும் பரவால்ல.

முழுக்க கரன்ட்ல ஓடற வீட்டோட நிஜமான பயம் பில் இல்ல, மழை. மாசாந்திர பராமரிப்புக்கு காலைல 9 மணில இருந்து 2 மணி வரைக்கும் நிறுத்துவாங்க, அது முன்னாடியே தெரிஞ்சுடும், அன்னிக்கு 8 மணிக்குள்ள சமையல் முடிஞ்சுடும். ஆனா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் நாள் கணக்குல கரன்ட் இல்ல, தண்ணி நிக்கற இடத்துல கரன்ட் குடுக்கவும் கூடாது, உயிர் போயிடும். அந்த மாதிரி மூணு நாள் எங்க வீட்ல வந்தா அம்மாவுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கூட வைக்க முடியாது, மாத்திரை போடறவங்க. இன்வெர்ட்டர் பேட்டரில இன்டக்‌ஷன் எல்லாம் ஓடாது.

அதனால இந்த அக்டோபர்ல ஒரு 5 கிலோ சிலிண்டரும் ஒத்த பர்னர் அடுப்பும் வாங்கிட்டேன். பால்கனில சாக்கு போட்டு மூடி வச்சிருக்கு, ரெகுலேட்டர கழட்டி என் பீரோல பூட்டியாச்சு, சாவி என்கிட்ட. அம்மா நேத்து ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கிட்டு வந்து வச்சுட்டு "புயல் எப்போடா வரும்"னு கேக்கறாங்க.